ஐந்தாவது கோடு

அப்பா நில அளவைத் துறையில் சர்வேயர். 1979-இல் தமிழ்நாட்டில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் தொடங்கியது. ஊரார் வாயில் இன்றும் அதற்கு யுடிஆர் என்றுதான் பெயர். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் அப்பாவை வீட்டில் பார்த்ததைவிட மன்னார்குடியைச் சுற்றியுள்ள வயல்களில் பார்த்ததுதான் அதிகம். அப்போது அது தஞ்சாவூர் மாவட்டம்.

தாளடி அறுத்து, அதன் பின் விதைத்த உளுந்தையும் பயறையும் எடுத்துவிட்டால் வயல் வெறுமையாகிவிடும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, அந்தத் தண்ணீர் வெண்ணாறு வழியாக எங்கள் வாய்க்கால்களுக்கு வந்து சேர்வதற்குள் அளந்து முடிக்க வேண்டும். நாற்று நட்ட வயலில் சங்கிலி இழுக்க முடியாது. அளவைக்கு வாய்த்த அந்தக் காலமும் எங்கள் கோடை விடுமுறையும் ஒன்றாக வந்தன. காலையில் நீராகாரம் குடித்துவிட்டு அப்பாவோடு கிளம்பிவிடுவேன். கொடி பிடிப்பது என் வேலை. வயலின் மூலையில் ஒரு மூங்கில் கழியை ஆடாமல் அசையாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிற்பாடு கணக்கு ஆசிரியை ஆனேன். வடிவங்களின் பரப்பைப் பற்றி வகுப்பில் சொல்லிக்கொடுத்தவை அனைத்துக்கும் அடிப்படை அந்த வெடித்த தரையில் நின்று பார்த்ததுதான்.

எங்கள் பகுதியில் நிலத்துக்கு மூன்று கணக்கு உண்டு. உழுகிறவர் மா, குழி என்று பேசுவார். பன்னிரண்டு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம் உள்ள சதுரம் ஒரு குழி. 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும் இருக்கும். ஒரு மா 33 சென்ட் என்பதால் மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். புதிய பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும் வந்துவிட்டன. ஒரு ஏர் என்பது நூறு சதுர மீட்டர், சென்ட்டில் 2.47.

இந்த மூன்றுக்கும் இடையில் மனிதர்கள் தடுமாறியதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி பட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார். “மூணு மா நெலந்தான் தம்பி எனக்கு. இதுல நாப்பதுன்னு போட்டிருக்காம். நாப்பதுக்கு வரி கேட்டா நான் எங்க போவேன்?” என்று அழாத குறையாகக் கேட்டார். அப்பா அவரை வரப்பில் உட்காரவைத்தார். தரையில் பன்னிரண்டு அடிக்கு ஒரு சதுரம் கீறி, “இது என்ன ஆத்தா?” என்றார். “குழி.” அதற்குப் பக்கத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு சதுரம் கீறினார். “இதுதான் ஏரு. உங்க குழி ஏழரை இதுக்குள்ள அடங்கும். நெலம் அதேதான், அளக்குற கட்டம் பெரிசாயிடுச்சு. நூறு நூறு குழியா மூணு மாவையும் இந்தப் பெரிய கட்டத்தால நிரப்பினா நாப்பது கட்டம் வரும்.” பாட்டி இரண்டு சதுரங்களையும் சுற்றி நடந்து பார்த்தார். பரப்பு என்பது ஒரு இடத்தை எத்தனை ஒரே அளவுக் கட்டங்களால் மூடலாம் என்ற எண்ணிக்கை. அந்தப் பாட்டிக்குச் சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவான ஒன்றை எந்தப் பாடநூலிலும் நான் பார்க்கவில்லை.

புதிய கணக்கு மீட்டரில் போனாலும் பழைய புலப்படங்கள் லிங்க்கில்தான் வரையப்பட்டிருந்தன. தகராறு என்று வந்தால் பழைய படத்தோடு ஒத்துப்பார்த்தாக வேண்டும். ஆகவே அப்பா பழைய இரும்புச் சங்கிலியைக் கைவிடவில்லை. அதன் நீளம் 66 அடி. அதில் நூறு கண்ணிகள். ஒவ்வொன்றும் ஒரு லிங்க். லண்டனில் வானியல் பேராசிரியராக இருந்த எட்மண்ட் கன்டர் 1620-ஐ ஒட்டி வகுத்த அளவு இது. 66 என்ற எண்ணைக் கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் வசதியை வயலில் நின்று கணக்குப் போடுகிறவர் அறிவார். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஒரு சதுரச் சங்கிலியில் 10,000 சதுர லிங்க். எனவே ஒரு ஏக்கருக்கு 1,00,000 சதுர லிங்க், ஒரு சென்ட்டுக்கு 1,000. லிங்க்கில் அளந்து பெருக்கி, கடைசி மூன்று இலக்கங்களுக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் சென்ட் வந்துவிடும். வகுத்தல் கிடையாது. அப்பா பெருக்கி முடித்துப் புள்ளி வைக்கும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும்.

சங்கிலியை அவர் பூப்போலப் பார்த்துக்கொண்டார். இழுத்து இழுத்துக் கண்ணிகளை இணைக்கும் வளையங்கள் மெல்ல வாய் திறக்கும், சங்கிலி நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தால் நிலத்தைக் குறைத்துக் காட்டும். நூறு லிங்க்குக்கு ஒரு லிங்க் நீண்டிருந்தால் நீளத்தில் பிழை நூற்றுக்கு ஒன்றுதான். பரப்பில் அது இரண்டாகிவிடும், ஏனென்றால் பிழை நீளத்திலும் ஏறுகிறது, அகலத்திலும் ஏறுகிறது. “ஒரு பக்கப் பிழை ரெண்டு பக்கமும் வட்டி போடும்” என்பார். அதனால் அளக்கப் போகுமுன் சங்கிலியைச் சரியான நீளம் குறித்த இடத்தில் நீட்டிப் பார்க்காமல் அவர் கிளம்பியதில்லை.

டெல்டாவில் வயல்கள் செவ்வகமாக இருப்பதில்லை. ஆறு வளைந்தபடி வாய்க்கால் வளைகிறது, வாய்க்கால் வளைந்தபடி வரப்பு வளைகிறது. அப்படிப்பட்ட வயலை அளக்க அப்பா முதலில் அதன் இரண்டு எதிர்மூலைகளுக்கு இடையே சங்கிலியை நேராகப் போடுவார். புலப்படத்தில் அது ஜி லைன். பிறகு கிராஸ் ஸ்டாஃப் என்ற கருவியை அந்தக் கோட்டின்மேல் நட்டபடியே நகர்ந்து வருவார். தடி ஒன்றின் தலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு பிளவுகள் இருக்கும், அவ்வளவுதான் கருவி. ஒரு பிளவு வழியாகப் பார்த்தால் கோட்டின் கோடியில் உள்ள கொடி தெரிய வேண்டும். மற்ற பிளவு வழியாக நான் பிடித்து நிற்கும் மூலைக்கொடி தெரிய வேண்டும். இரண்டும் ஒருசேரத் தெரியும் இடத்தில் நிற்பார். தொடக்கத்திலிருந்து அந்த இடம் எத்தனை லிங்க், அங்கிருந்து மூலை எத்தனை லிங்க் என்ற இரண்டு எண்களும் நோட்டில் ஏறும். ஒவ்வொரு மூலைக்கும் இப்படி எடுத்தால் ஏணிப்படிபோல எண்கள் வரிசையாக நிற்கும். எப்பேர்ப்பட்ட கோணல் வயலும் செங்கோண முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரிந்துவிடும். அவற்றின் பரப்பைக் கூட்டுவது பள்ளிப் பிள்ளைக்கும் முடியும்.

குளக்கரை, ஆற்றுப்படுகை போன்ற வளைந்த எல்லைகளுக்கு மூலையே கிடையாது. அங்கே கோட்டின்மேல் சம இடைவெளி விட்டு, ஒவ்வொரு இடத்திலும் கரை வரைக்கும் செங்குத்தாக அளப்பார். இடைவெளி குறையக் குறையக் கணக்கு உண்மையை நெருங்கும். கல்லூரியில் தொகைநுண்கணிதம் படித்தபோது மற்றவர்களுக்குப் புதிதாக இருந்த அந்தக் கருத்து எனக்குக் குளக்கரையில் பழகியதாக இருந்தது. வட்டமான களத்துக்கு அவர் ஊர்ப் பெரியவர்களின் வழியையே கொண்டார்: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குவது. காரிநாயனார் எழுதிய கணக்கதிகாரத்தில் உள்ள விதி அது. சுற்றளவையும் விட்டத்தையும் கயிற்றால் நேரே அளந்துவிட்டால் பை என்ற எண்ணே தேவையில்லை. விடை துல்லியம்.

அப்பா அளந்த வயல்களில் ஒன்றை மட்டும் நான் எண்களோடு மறக்காமல் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் உள்ள நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

அண்ணன் தம்பி இருவர். பக்கத்துப் பக்கத்து வயல். நடுவில் ஒரு வரப்பு. தகப்பனார் உயிரோடு இருந்தபோதே ஆளுக்கு முப்பது சென்ட் என்று பிரித்துக்கொடுத்திருந்தார். பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்னால் நடந்த பாகப்பிரிவினை அது. தம்பிக்கு நெடுநாளாக ஒரு குறை. “ஒரே மடைத் தண்ணிதான் சார் ரெண்டு பேருக்கும். விதையும் ஒண்ணு, எருவும் ஒண்ணு. ஆனா அண்ணன் வயல்ல காணுற நெல்லு எனக்கு ஒரு வருசமும் கண்டதில்லே” என்றார். அண்ணன் நெஞ்சில் கைவைத்து, “அப்பா இருந்தப்ப அளந்து பிரிச்சது சார். அன்னிக்குப் போட்ட வரப்பு, நான் ஒரு சாண்கூட நகத்தினதில்லே” என்றார். இரண்டு வீட்டுப் பெண்களும் பேச்சை நிறுத்தி இரண்டு தீபாவளி ஆகியிருந்தது. அண்ணன் பொய் சொல்கிறாரா, தம்பி பொறாமையில் பேசுகிறாரா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது.

அண்ணன் வயல் நேரான செவ்வகம். 195 லிங்க்குக்கு 154 லிங்க். 30.03 சென்ட். அதில் கேள்வியே இல்லை. தம்பி வயலின் கிழக்கும் வடக்கும் வாய்க்காலை ஒட்டிச் சாய்ந்து போயின. நடுவரப்புப் பக்கம் 195, அதற்கு எதிரே 170. தென்புறம் 225, வடபுறம் 100. பழைய கணக்கில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கியிருந்தார்கள்: 182.5, 162.5. இரண்டையும் பெருக்கினால் 29,656 சதுர லிங்க் சொச்சம். 29.66 சென்ட். முப்பதுக்கு ஒரு கைப்பிடி குறைவு, விட்டுவிடலாம் என்று அன்றைக்கு முடிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஊரெங்கும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். யாரும் அதில் தப்பு கண்டதில்லை.

அப்பா நான்கு பக்கங்களையும் அளந்தார். பழைய எண்கள் அப்படியே வந்தன. அண்ணன் சொன்னது உண்மை, வரப்பு நகரவில்லை. பிறகு வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குக் குறுக்காகச் சங்கிலி போட்டார். இரண்டு முழுச் சங்கிலியும் பத்து லிங்க்கும் ஆயிற்று. 210. நான் தென்மேற்கு மூலையில் கொடி பிடித்து நின்றேன். கோட்டில் 75-ஆவது லிங்க்கில் என் கொடி நேருக்கு வந்தது, செங்குத்து 180. வடகிழக்கு மூலைக்கு 60-ஆவது லிங்க்கில், செங்குத்து 80. 180-உம் 80-உம் 260. அதை 210-ஆல் பெருக்கிப் பாதி எடுத்தால் 27,300. அப்பா புள்ளி வைத்தார். 27.3 சென்ட்.

தம்பி பெருமூச்சு விட்டார். அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. “நாலு பக்கமும் அதே அளவு வந்துதே சார், அப்புறம் எப்படிக் குறையும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்பா மூங்கில் சிம்பு நான்கை உடைத்து, மூலைக்கு மூலை வாழைநாரால் கட்டினார். சதுரமாக வைத்துக் காட்டினார். பிறகு ஒரு மூலையைப் பிடித்து மெல்லத் தள்ளினார். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாயிற்று. இன்னும் தள்ளினார், ஒடுங்கி இரண்டு குச்சி தடிமனுக்கு வந்துவிட்டது. “குச்சி நாலும் அதே நீளம். உள்ளே இருந்த எடம் எங்க போச்சு பாத்தீங்களா?” என்றார். அதன்பின் அதை மறுபடி விரித்து, ஐந்தாவதாக ஒரு சிம்பைக் குறுக்கே கட்டி அண்ணன் கையில் கொடுத்தார். “இப்ப அசைச்சுப் பாருங்க.” அசையவில்லை.

“நீங்க ஏமாத்தலே. உங்க அப்பாவும் ஏமாத்தலே. குறுக்குக் கோடு அளக்காம விட்டுட்டாங்க. நான் அளந்து சொல்ல வந்தவன், தீர்ப்புச் சொல்ல வந்தவன் இல்லே. அண்ணன் தம்பி நீங்களே பேசி முடிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு அப்பா சங்கிலியை மடித்தார். அவர்கள் பேசினார்கள். வித்தியாசம் 2.73 சென்ட். அதில் பாதியை, அதாவது 1,365 சதுர லிங்க்கை அண்ணன் விட்டுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். 195 லிங்க் நீள வரப்பை எத்தனை நகர்த்த வேண்டும் என்று அப்பாவே வகுத்துச் சொன்னார்: ஏழு லிங்க். நாலரை அடிக்குச் சற்றுமேல். நாலரை அடி நகர்ந்ததில் இருவருக்கும் ஆளுக்கு 28.665 சென்ட். அந்தப் பொங்கலுக்கு இரண்டு வீட்டுப் பெண்களும் ஒன்றாகக் கோலம் போட்டதாகத் தலையாரி வந்து சொன்னபோது அப்பா சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் ஒன்றுதான். அதை வேறு விதமாக மடக்க முடியாது. பக்கங்களை வைத்தே பரப்பைச் சொல்லும் ஹெரான் சூத்திரம் அதனால்தான் செல்லுகிறது. நான்கு பக்கம் தெரிந்தால் மட்டும் நாற்கரம் தெரிந்துவிடாது. கணக்கற்ற நாற்கரங்கள் அதே நான்கு பக்கங்களோடு இருக்கின்றன. எது உங்கள் வயல் என்று சொல்வது மூலைவிட்டம்.

பக்கங்களின் சராசரியைப் பெருக்கும் முறையில் இன்னொரு கெடுதல் உண்டு. அது எப்போதும் ஒரே பக்கமாகத்தான் தவறும். இரண்டு பக்கங்கள் கொடுத்தால் அவை செங்கோணத்தில் நிற்கும்போதுதான் முக்கோணம் மிகப் பெரியது. அப்போது பரப்பு அவற்றின் பெருக்கலில் பாதி. கோணம் கூடினாலும் குறைந்தாலும் பரப்பு சுருங்கும். நாற்கரத்தை ஒரு மூலைவிட்டத்தால் வெட்டி இந்த வரம்பைப் போட்டுப் பாருங்கள், பிறகு மற்ற மூலைவிட்டத்தால் வெட்டியும் போட்டுப் பாருங்கள். இரண்டின் சராசரிதான் அந்த ஊர்க்கணக்கு. நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தாலொழிய அது உண்மையைவிடக் கூடுதலாகத்தான் சொல்லும். விற்கிறவருக்கு அது லாபம். வாங்குகிறவரும் கோணல் பாகம் கிடைத்தவரும் எப்போதும் இழப்பார்கள்.

பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இந்தச் சராசரி முறையைக் குறிப்பிட்டு, அது தோராயம் என்றே சொல்லியிருக்கிறார். துல்லியத்துக்கு அவர் தந்த சூத்திரம் நான்கு மூலைகளும் ஒரு வட்டத்தின்மேல் அமையும் நாற்கரத்துக்குப் பொருந்துவது. ஒரே நான்கு பக்கங்களைக் கொண்ட நாற்கரங்களில் அதுதான் மிகப் பெரியது. தம்பி வயலின் பக்கங்களை அதில் போட்டேன்: 27.78 சென்ட். அந்த நான்கு பக்கங்களை எப்படி வளைத்து வைத்தாலும் அதற்குமேல் ஒரு வயல் உலகத்தில் இருக்க முடியாது. அப்படியிருக்க 29.66 சென்ட் என்று ஒரு குடும்பம் ஒரு தலைமுறையாக நம்பி வாழ்ந்திருக்கிறது.

பாஸ்கராசாரியர் 1150-இல் எழுதிய லீலாவதியில் இதைப் பற்றிக் கோபமாகவே பேசுகிறார். மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்கிறவன் பேய்க்குச் சமம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் புறப்படுகிறவன் அவனைவிட மோசம் என்பது அவர் கருத்து. கல்லூரி விடுமுறையில் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். எண்ணூறு ஆண்டுக்கு முன்னால் ஒருவர் தன் பக்கம் நின்று பேசியிருக்கிறார் என்ற மகிழ்ச்சி அவருக்கு.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அப்பா சாமி கும்பிட்ட பிறகு அடித்தளத்துக் கல்வெட்டுகளின் பக்கம் வந்துவிடுவார். ராஜராஜன் காலத்தில், 1000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சோழநாடு முழுக்க அளக்கப்பட்டது. அந்தப் பணியைச் செய்தவர்களுக்கு உலகளந்தான் என்ற பட்டம் இருந்தது. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் பரப்பைச் சொல்லி, அதிலிருந்து ஊர்நத்தம், குளம், ஊரூடே போகும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் வரி என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். “நாங்க புறம்போக்கைக் கழிக்கிறது மாதிரியேதான்” என்று அப்பா அந்த வரிகளைத் தடவிக் காட்டுவார்.

அந்தக் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரைக்கும் பின்னம் போகிறது. 320-இல் ஒன்று என்ற முந்திரியை நான்கு முறை தொடர்ந்து எடுத்து, அதை மேலும் ஐந்தாகப் பகுத்தால் வரும் எண் அது. இன்றைய வேலிக் கணக்கில் அரை சதுர மில்லிமீட்டர். எந்தக் கோலாலும் அவ்வளவு நுண்மையாக நிலத்தை அளக்க முடியாது. நீளத்தையும் அகலத்தையும் பின்னங்களோடு பெருக்கும்போது வந்த மிச்சத்தை விடாமல் எழுதியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருவருடைய நிலத்தைத் தொட்ட கணக்கில் எதையும் சொந்த இஷ்டத்துக்குத் தள்ளிவிடக் கூடாது என்ற பயபக்தி அதில் இருக்கிறது.

அதே கோயிலில் இன்னொரு அளவைக் கதையும் உண்டு. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை அளந்து, அதன்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டி இந்தியாவை அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கத்தை மட்டும் சங்கிலியால் அளந்துவிட்டுக் கோணங்களைக் கருவியால் எடுத்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கே சொல்லிவிடும். 1808-இல் தஞ்சைக்கு வந்தபோது அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கோயிலின் உச்சிக்கு ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி கட்டடத்தில் மோதி அதன் வட்டத்தகடு நெளிந்துபோனது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையால் அதைத் தட்டிச் சரிசெய்து மறுபடி அளக்கப் போனார். அந்த நேரத்தில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி அப்பா கேட்பார். ராஜராஜனின் அலுவலர்களும் லாம்டனும் மன்னார்குடி வயலில் நின்ற அப்பாவும் செய்தது ஒரே வேலை என்பது எனக்கு அங்கே புரிந்தது. கோணலானதை நேர்க்கோடுகளாகப் பிரித்து, யாரும் மறுபடி அளந்து சரிபார்க்கும்படி எழுதி வைப்பது.

அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தபின் அளவைகள் பாடத்தைத் திறந்தால் அங்கே இருந்தது: நாற்கரத்தின் பரப்பு, மூலைவிட்டத்தை இரு செங்குத்துகளின் கூடுதலால் பெருக்கிப் பாதி. பிள்ளைகள் அதைச் சூத்திரமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். நான்கு கழி, ஒரு கயிறு, தென்னங்குச்சியால் செய்த ஒரு கிராஸ் ஸ்டாஃப். நான்கு பிள்ளைகள் மூலைக்கு மூலை நின்றார்கள். முதலில் பக்கங்களை அளந்து சராசரி முறையில் பரப்பை எழுதினோம். பிறகு ஒரு பிள்ளையை மட்டும் இரண்டடி உள்ளே வரச் சொல்லி, அதே நீளக் கயிறு தொய்யாதபடி மற்றவர்களையும் நகர்த்தினோம். பக்கங்கள் மாறவில்லை. பழைய முறை பழைய விடையையே சொன்னது. குறுக்குக் கயிறும் செங்குத்துகளும் வேறு விடை சொல்லின. அதன்பிறகு எந்தப் பிள்ளையும் அந்தச் சூத்திரத்தை மறந்ததாக எனக்கு நினைவில்லை.

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் வரும்போது அப்பாவின் நோட்டை எடுத்துவருவேன். குறுக்குக் கோட்டை எக்ஸ் அச்சாக வைத்தால் தம்பி வயலின் நான்கு மூலைகள் (0, 0), (75, 180), (210, 0), (60, −80). கிராஸ் ஸ்டாஃபில் எடுத்த எண்களே ஆயத்தொலைவுகள். குறுக்காகப் பெருக்கிக் கழித்துப் பாதி எடுத்தால் கரும்பலகையில் 27,300 வந்து நிற்கும். வகுப்பில் பாதிப் பேர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பட்டாவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் சந்தேகங்களோடு வருவார்கள். என் ஆசிரியப் பணியில் நான் மிகவும் எதிர்பார்த்துக் காத்திருந்த நாள் அதுதான்.

இன்றைக்கு செயற்கைக்கோள் உதவியோடு மூலைகளின் இடம் நேரே கிடைக்கிறது. புலப்படங்கள் கணினிக்கு ஏறிவிட்டன; சர்வே எண் தெரிந்தால் வீட்டிலிருந்தே படத்தைப் பார்க்கலாம். அந்தப் படத்தில் குறுக்குக் கோடுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு புலத்தை மனைகளாகப் பிரித்து விற்கும்போதும், குடும்பத்துக்குள் பாகம் பிரிக்கும்போதும் இன்றும் பத்திரத்தில் என்ன எழுதுகிறோம்? நான்கெல்லையைச் சொல்லி, கிழமேல் வடபுறம் இத்தனை அடி, தென்புறம் இத்தனை அடி, தென்வடல் கீழ்புறம் இத்தனை, மேல்புறம் இத்தனை, ஆக இத்தனை சதுர அடி என்று முடிக்கிறோம். அந்தக் கடைசி எண் எப்படி வந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தம்பி வயலில் பழைய கணக்குக்கும் உண்மைக்கும் இடையே போன 2.36 சென்ட் என்பது 1,026 சதுர அடி. ஒரு சிறிய குடும்பம் வீடு கட்டிக் குடியிருக்கும் இடம்.

என் பழைய மாணவர்கள் மனை வாங்குமுன் பத்திர நகலைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் அவர்களை ஒரு நாடாவோடு மனைக்கு அனுப்புவேன். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்துவரச் சொல்வேன். அந்த ஒரு அளவு கிடைத்துவிட்டால் மனை இரண்டு முக்கோணங்களாகிவிடும். ஹெரான் சூத்திரம் கைபேசியிலேயே விடை சொல்லிவிடும். நாலு மூலையும் செங்கோணம்தானா என்பதற்கு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்கலாம். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் செவ்வகம்; இல்லையென்றால் இல்லை. பத்து நிமிட வேலை.

அதோடு நிறுத்திவிடக் கூடாது. அளந்த மூலைவிட்டத்தைப் பத்திரத்திலும் எழுத வேண்டும். “வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குக் குறுக்களவு இத்தனை அடி” என்று ஒரு வரி. பாட்டன் பிரித்த நிலத்தைப் பேரன் மறுபடி அளக்க நேர்ந்தால், வரப்போ சுவரோ அழிந்துபோயிருந்தாலும், ஐந்து அளவுகளையும் கொண்டு அதே வடிவத்தை அதே பரப்போடு தரையில் மறுபடி வரைந்துவிடலாம். நான்கை மட்டும் வைத்துக்கொண்டு அது முடியாது. எழுத்தர்கள் எழுத வேண்டும், வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும், பள்ளிக்கூடங்கள் அதற்கான காரணத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பத்திரம் ஒரு வரி நீளும். உடன்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் தலைமுறைக் கணக்கில் சந்தேகிக்காமல் இருப்பதற்கு அந்த ஒரு வரியைச் செலவழிக்கலாம்.